தலைப்பிள்ளையும் குலைப்பன் காய்ச்சலும்



சென்ற இதழ் அச்சுக்குப் போன கிழமை எமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஈஸ்ற்ஹாம் பக்கம் குடியிருக்கும் ஒரு கணவர். அவர் மனைவிக்கு இது தலைப்பிள்ளை, நாலு மாதம். இலண்டன் வந்து சேர முன்னர் அந்தப் பிள்ளை மேற்கு ஆபிரிக்க நகரமொன்றில் ஏஜென்சிக்காரனின் வீட்டில் ஏழு மாதம் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். அங்கே இரண்டு தடவை நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, யாரோ வாங்கிக் கொடுத்த குளிசையைப் போட்டு மாறியிருக்கிறது. இங்கே கிளினிக்கில் மருத்துவிச்சி “முன்பு ஏதாவது வருத்தம் இருந்ததா?” என்று கேட்டபோது மாமியார் குறுக்கிட்டு “ஒண்டும் இல்லை” என்று சொல்லச் சொன்னாராம். மலேரியா என்றால் எங்கே வந்தது என்று கேட்பார்கள், எங்கே என்றால் எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்பார்கள், பிறகு அது கேஸில் போய் முடியும் என்பது மாமியாரின் பயம். “நாங்கள் செய்தது சரியா?” என்று கடிதம் முடிகிறது.

சரியில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏன் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இம்மாதப் பக்கம் முழுவதும் தேவைப்படுகிறது.

மாமியாரை நாம் குறை சொல்லமாட்டோம். வாயை மூடிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பியவர்கள் நாம். அந்தப் பழக்கம் விமானத்தை விட்டு இறங்கியவுடன் போய்விடுவதில்லை. ஆனால் காய்ச்சலைப் பொறுத்தவரை எமக்கே ஓர் அனுபவம் உண்டு. வன்னியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்து எட்டாம் மாதம், நல்ல மாரிக்குளிரில், எமக்குக் குலைப்பன் காய்ச்சல் வந்தது. மூன்று கம்பளி போர்த்தும் கட்டில் ஆடியது. காட்டிய இடத்தில் சளிக்காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்கு நடுக்கம் வருவதைப் பார்த்த பக்கத்து அறை நண்பர்தான் “இது ஊர்க் காய்ச்சலடா” என்று வேறோர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இலண்டனில் எமக்குக் கடித்த நுளம்பு எது என்று அப்போது குழம்பினோம். நுளம்பு ஊரில்தான் கடித்தது. எமது நாட்டில் அதிகம் இருந்தது வைவாக்ஸ் என்ற மலேரியா வகை. அதன் கிருமிகளில் சில ஈரலுக்குள் போய் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு எழும்பும். வேடிக்கை என்னவென்றால் இதை உலகுக்குக் காட்டிய கதையே இலண்டனில் நடந்ததுதான். 1899 இல் பற்றிக் மான்சன் என்ற வைத்தியர் கிழக்கு இலண்டனில் அல்பேட் டொக் துறைமுகத்து மாலுமிகள் ஆஸ்பத்திரியோடு சேர்த்து வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மறு வருடம் உரோமாபுரியிலிருந்து மலேரியா நுளம்புகளை வருவித்து, தன் சொந்த மகனையே கடிக்கவிட்டார். ஊரை விட்டுப் போகாத அந்த இளைஞனுக்கு மலேரியா வந்தது. குளிசையில் மாறியது. ஒன்பது மாதம் கழித்துத் திரும்பவும் வந்தது. எமக்கு எட்டு, அவருக்கு ஒன்பது! ஈரலுக்குள் கிருமி வளர்கிறது என்பதை 1948 இல் கண்டுபிடித்த ஷோட், காண்ஹம் என்ற இருவரும் அதே பள்ளியைச் சேர்ந்தவர்கள். அப்போது பள்ளி கெப்பல் வீதிக்கு மாறிவிட்டது. குட்ஜ் ஸ்றீற் ரியூப்பில் இறங்கி நடந்து போனால் பார்க்கலாம். பல்கனிக் கம்பிகளில் தங்க முலாம் பூசிய நுளம்பு, தெள்ளு, பேன், எலி எல்லாம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தொல்லை தந்தவற்றுக்கு இந்த ஊரில் தங்கப் பூச்சு.

கடிதத்துக்கு வருவோம். மேற்கு ஆபிரிக்காவில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் அல்ல. அது பல்சிபாரம், ஆளைக் கொல்லக்கூடிய வகை. அது கர்ப்பிணியின் உடம்பில் செய்யும் வேலை வேறு எவருடைய உடம்பிலும் செய்யாத வேலை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

மலேரியாக் கிருமி இரத்தத்தில் செங்குழியத்துக்குள் புகுந்து குடியிருக்கிறது. பழுதான செங்குழியங்களைப் பிடித்து அழிப்பது மண்ணீரலின் வேலை. மண்ணீரல் பக்கம் போகாமல் தப்புவதற்குப் பல்சிபாரம் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. தான் குடியிருக்கும் செங்குழியத்தின் வெளிப்புறத்தில் ஒரு புரதத்தை நீட்டி வைக்கிறது. வயல்வரம்பில் நடக்கும்போது ஒட்டுப்புல் வேட்டிக்கரையில் பற்றிக்கொள்ளும் அல்லவா, அதுபோல அந்தப் புரதம் இரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. செங்குழியம் ஓடாமல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

எமது உடம்பும் சும்மா இருப்பதில்லை. அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி என்ற பொருளை உண்டாக்குகிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். பிறபொருளெதிரி போய் ஒட்டுப்புல்லின் முள்ளை மூடிவிட்டால் கிருமிக்குப் பிடிமானம் இல்லை. பிறபொருளெதிரிக்கு இந்தச் சக்தி உண்டு என்பதை ஈயன் மக்கிரகர் முதலிய பிரித்தானிய ஆய்வாளர்கள் 1961 இல் வெளியிட்டார்கள். காம்பியாவில் வளர்ந்தவர்களின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரியைப் பிரித்தெடுத்து மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஏற்றியபோது, அவர்களின் இரத்தத்தில் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் கிருமியிடம் ஒரே ஒரு சட்டை இல்லை. ஏறத்தாழ 60 சட்டைகள் இருக்கின்றன. ஒன்றை உடம்பு அடையாளம் கண்டவுடன் அதைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டுக்கொள்ளும். மலேரியா நிறைந்த நாட்டில் பிறந்த பிள்ளை இந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் படிப்பதற்குள் பல காய்ச்சல்களைக் காண்கிறது, சில பிள்ளைகள் இறந்தும் போகின்றன. தப்பியவர்கள் வளர்ந்தபின் கிருமி உடம்பில் இருந்தாலும் அவ்வளவாகப் படுக்கையில் விழுவதில்லை.

இப்படி வளர்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற ஓர் ஆபிரிக்கப் பெண்கூட முதற் கர்ப்பத்தில் மலேரியாவுக்கு இரையாகிறாள். இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்கு அந்த ஆபத்துக் குறைந்துகொண்டு போகிறது. இதை வைத்தியர்கள் நீண்ட காலமாகக் கண்டிருந்தார்கள், காரணம் தெரியவில்லை. கர்ப்பத்தில் உடம்பு பலவீனம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்கள். பலவீனம்தான் காரணம் என்றால் நாலாம் பிள்ளைக்கு அல்லவா தாய் இன்னும் பலவீனமாக இருக்கவேண்டும்?

விடை 1996 இல் கிடைத்தது. மிக்கல் பிரீட், பற்றிக் டபி என்ற இருவர் கென்யாவில் பிரசவித்த தாய்மாரின் சூல்வித்தகங்களை ஆராய்ந்தார்கள். சூல்வித்தகம் என்பது நாம் வீட்டில் நஞ்சுக்கொடி என்று சொல்வது. அதற்குள் தேங்கி நின்ற கிருமிகள், மற்ற இடங்களில் பற்றிக்கொள்ளும் பொருட்களைப் பற்றவில்லை. கொண்ட்ரோயிற்றின் சல்பேற் ஏ என்ற ஒரே பொருளைத்தான் பற்றின. அது சூல்வித்தகத்தில் நிறைந்திருக்கும் பொருள். அதாவது பெண் கர்ப்பமானவுடன் அவள் உடம்பில் கிருமிக்குப் புதிதாக ஒரு வீடு திறக்கிறது. அந்த வீட்டுக்குப் பொருந்தும் சட்டையை அவள் உடம்பு அதற்கு முன் கண்டதில்லை. சிறுவயதில் படித்த பாடம் எதிலும் அது இருக்கவில்லை. ஆகையால்தான் தலைப்பிள்ளைக்கு ஆபத்து. அந்தக் கர்ப்பத்தில் உடம்பு அந்தச் சட்டையைப் படித்து, அதற்கான பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. அடுத்த பிள்ளைக்கு அது தயாராக நிற்கிறது. இந்தப் பிறபொருளெதிரிகள் கர்ப்பங்கள் கூடக்கூடத்தான் சேர்கின்றன என்பது 1998 இல் வெளியாயிற்று. அந்தச் சட்டையின் பெயர் வார்-2-சி.எஸ்.ஏ. என்று 2003, 2004 ஆம் ஆண்டுகளில் டென்மார்க் நாட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். அதே புரதம் பலவகைப் புற்றுநோய்க் கலங்களிலும் ஒட்டுகிறது என்று அவர்களே 2015 இல் எழுதினார்கள். அது வேறு கதை, இன்னொரு நாளைக்கு.

சூல்வித்தகத்தில் கிருமி தேங்கினால் பிள்ளைக்குப் போகவேண்டிய உணவும் ஒட்சிசனும் குறைகின்றன. பிள்ளை நிறை குறைந்து பிறக்கும், சிலவேளை காலம் முந்திப் பிறக்கும், செத்தும் பிறக்கலாம். தாய்க்கு இரத்தம் வற்றும். இதில் எங்களைப் போன்றவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது, தாய்க்குக் காய்ச்சலே இல்லாமல் இது நடக்கலாம் என்பது. அதைவிட மோசம், கிருமிகள் எல்லாம் சூல்வித்தகத்தில் பதுங்கிவிட்டால் விரலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒரு தடவை பார்த்து இல்லை என்று விடாமல் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். மூன்று தடவை ஊசி போட்டு எடுத்தார்கள் என்று கோபிக்க வேண்டாம்.

“எங்களுக்குத்தானே சின்ன வயதிலேயே மலேரியா வந்துவிட்டது, எதிர்ப்புச் சக்தி இருக்கும்” என்று சொல்பவர்கள் எம்மிடையே பலர். இங்கேதான் எமது நாட்டுக் கதையைச் சொல்லவேண்டும். 1934 இல் இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் வன்னிக் காட்டோரத்து மக்கள் அல்ல. கேகாலை, குருநாகல் பக்கத்தவர்கள். வருடந்தோறும் மலேரியாவைக் கண்டு பழகிய வரண்ட பிரதேசத்தாருக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது, மழைப் பிரதேசத்தாருக்கு இருக்கவில்லை. அந்த நாட்களில் கொழும்பில் பிரசவ வைத்தியராக இருந்த விக்கிரமசூரிய என்பவர் மலேரியா கண்ட கர்ப்பிணிகள் 350 பேருக்கு மேற்பட்டோரைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். நூற்றுக்கு 13 பேர் அளவில் இறந்தார்கள். பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கருவிலோ பிறந்த உடனேயோ போய்விட்டன. அதை 1937 இல் புத்தகமாகவும் போட்டார். கர்ப்பிணிகளின் மலேரியாவைப் பற்றி உலகம் முழுவதும் எழுதுபவர்கள் இன்றைக்கும் அந்த இலங்கை வைத்தியரின் கணக்கை எடுத்துக்காட்டுகிறார்கள்.

பிறகு டி.டி.ரி. வந்தது. 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. எல்லாம் முடிந்தது என்று கைவிட்டார்கள், ஐந்தாறு வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மலேரியாக்காரர் வந்து சுவரெல்லாம் மலத்தியோன் அடித்துவிட்டுப் போன நாற்றம் எம்மில் பலருக்கு இன்னும் மூக்கில் நிற்கும். யுத்தகாலத்தில் வடக்குக் கிழக்கில்தான் அதிகம், 1999 இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். பாயும் படங்குமாக மரத்தடியில் கிடந்த சனத்துக்கு நுளம்பு வலை எங்கே? அப்படியிருந்தும் 2012 ஒக்டோபரோடு நாட்டுக்குள் தொற்றும் மலேரியா நின்றது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. அதே காலத்தில் மன்னாரில், கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும் இந்திய மலேரியா நுளம்பு ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இதனால் என்ன விளைகிறது? எமது ஊரில் மலேரியா ஆபிரிக்காவைப் போல் வருடம் முழுவதும் ஒரே அளவில் இருந்ததில்லை. விட்டுவிட்டு வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் எதிர்ப்புச் சக்தி முழுமையாக ஊறுவதில்லை. அதனால் முதற் பிள்ளை, கடைசிப் பிள்ளை என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் கர்ப்பத்திலும் ஆபத்து உண்டு. கதிர்காமத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தார், கமினி மெண்டிஸ் முதலானோர், பல வருடம் இருந்து எமது மக்களின் மலேரியா எதிர்ப்புச் சக்தியை ஆராய்ந்தார்கள். முருகனிடம் காவடி எடுத்துப் போனவர்களில் எத்தனை பேர் காய்ச்சலோடு திரும்பினார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அது போக, எதிர்ப்புச் சக்தி மலேரியா இல்லாத நாட்டில் வாழ வாழத் தேய்ந்துபோகும். பல்சிபாரம் என்றால் அதற்கான பாடமே வேறு. வன்னியில் வைவாக்ஸ் கண்டவருக்கு மேற்கு ஆபிரிக்கக் கிருமியின் சட்டைகள் எதுவும் தெரியாது.

எமது நிலைமைக்கு மிக நெருக்கமான உதாரணம் தாய்லாந்து - பர்மா எல்லையில் இருக்கிறது. யுத்தத்தால் ஓடிவந்த கரேன் அகதிகளின் ஷொக்லோ முகாமில் 1986 இல் பிரான்ஸ்வா நொஸ்ரேன் என்ற வைத்தியரும் கூட்டத்தாரும் கர்ப்பிணிகளுக்கு ஒரு கிளினிக் தொடங்கினார்கள். எங்களைப் போலவே விட்டுவிட்டு மலேரியா காணும் சனம், எதிர்ப்புச் சக்தி போதாது. ஆகவே அவர்கள் காய்ச்சலுக்குக் காத்திருக்கவில்லை. கர்ப்பிணிகள் கிழமைக்கு ஒருமுறை வரவேண்டும், விரலில் ஒரு துளி இரத்தம், கிருமி கண்டால் அன்றைக்கே மருந்து. முகாமில் மலேரியாவால் கர்ப்பிணிகள் இறப்பது பெரிதும் குறைந்துபோயிற்று. வைவாக்ஸ் சாதுவானது என்ற எண்ணத்தையும் அவர்களே மாற்றினார்கள். வைவாக்ஸ் கண்ட தாயின் பிள்ளை சராசரி 107 கிராம் குறைந்து பிறக்கிறது என்று 1999 இல் எழுதினார்கள். முன்பு சொன்ன 1998 ஆம் ஆண்டு ஆய்விலும் நொஸ்ரேன் ஒரு பங்காளி. பெயர் வராத அந்த அகதித் தாய்மாரை நாம் நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

அந்த ஒரு சட்டையை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டிவிட்டால் என்ன என்று தடுப்பூசி முயற்சியும் நடக்கிறது. ஜேர்மனி, பெனின், பிரான்ஸ், புர்கினா பாசோ ஆகிய இடங்களில் முதற்கட்டப் பரிசோதனைகள் முடிந்தன. பிறபொருளெதிரி உண்டாகிறது, ஆனால் கிருமியின் எல்லா வகைகளையும் தடுக்கப் போதவில்லை. மாலி நாட்டில் கர்ப்பமாக முன்னரே பெண்களுக்கு வேறொரு தடுப்பூசி போட்டுக் கர்ப்பகாலத்திலும் பலன் கண்டதாக 2024 இல் செய்தி வந்தது. பிள்ளைகளுக்கான இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் 2021, 2023 ஆம் ஆண்டுகளில் சிபார்சு செய்துவிட்டது. கர்ப்பிணிக்கென்று கடையில் வாங்கும் ஊசி இன்னும் இல்லை.

இனிக் கடிதம் எழுதிய தம்பிக்கு. அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே மருத்துவிச்சிக்கோ ஜீ.பி.க்கோ போன் பண்ணுங்கள். எந்த நாட்டில் இருந்தார், எந்த மாதம் அங்கிருந்து வெளிக்கிட்டார், எத்தனை தடவை காய்ச்சல், என்ன குளிசை என்பது மட்டும் போதும். யார் கூட்டிவந்தது, எத்தனை காசு, எந்தப் பாஸ்போட் என்பதெல்லாம் வைத்தியத்துக்குத் தேவையில்லை, கேட்கவும் மாட்டார்கள். மலேரியா வந்தது குற்றமல்ல, அகதி விண்ணப்பத்துக்கு அது ஒரு தடையுமல்ல. இங்கிலாந்தில் மலேரியாச் சோதனைக்கும் மருந்துக்கும் எவரிடமும் காசு வாங்குவதில்லை. கேஸ் நடந்துகொண்டிருப்பவர்களுக்குப் பிரசவமும் இலவசம். மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரியே ஒழுங்கு செய்யும். மாமியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ மொழிபெயர்ப்புக்கு வைக்கவேண்டாம். இந்தக் கதையில் அதுதான் நடந்தது.

இதற்கிடையில் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் அன்றே, இரவென்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் “மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவர், கர்ப்பிணி” என்று வாசலிலேயே சொல்லுங்கள். 2023 இல் இந்த நாட்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வெளிநாட்டு மலேரியா கண்டது. அவர்களுக்கு இது புதினமல்ல. எமக்கு நேர்ந்ததுபோல் சளிக்காய்ச்சல் என்று அனுப்பப் பார்த்தால் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த குளிசையை மட்டும் போடாதீர்கள். வைவாக்ஸ் என்று கண்டாலும், ஈரலில் உறங்கும் கிருமியை அழிக்கும் பிறிமாகுயின் என்ற மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை, பிரசவத்துக்குப் பிறகுதான்.

கடித ஓரத்தில், தான் இரத்ததானம் செய்யலாமா என்றும் தம்பி கேட்டிருக்கிறார். மலேரியா கண்டவரோ மலேரியா நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்தவரோ என்றால், இங்கே பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்த்தபின்தான் இரத்தத்தை ஏற்பார்கள். இருக்கிறது என்று வந்தால் வேண்டாம் என்பார்கள். அதற்காக உங்களுக்கு இப்போது மலேரியா என்று அர்த்தமில்லை, உங்களை இனி மலேரியா தொடாது என்றும் அர்த்தமில்லை. கிருமி ஒருகாலத்தில் வந்துபோன தடயம், அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்தபின் இராமேஸ்வரத்தில் மொட்டையடிக்க மாமியார் நேர்த்தி வைத்திருக்கிறாராம். அந்தத் தீவில் மலேரியா நெடுங்காலமாக இருந்துவருகிறது. போவதென்றால் ஆறு கிழமைக்கு முன்னரே ஜீ.பி.யிடம் கேட்டு, தாய்க்கும் பிள்ளைக்கும் எது ஏற்ற மருந்து என்று தெரிந்துகொண்டு, நுளம்பு வலையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள். வலை இங்கே வாங்கினால் விலை. ஈஸ்ற்ஹாம் ஹை ஸ்றீற்றில் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள்.